முழங்கால் நேர்த்தி

2012ஆம் ஆண்டு யூன் மாதம் 13ஆம் திகதி, புதன்கிழமை, மன்னார் மாவட்டத்தில் அரிப்புக்குத் தெற்கே தாழையடிக்குடாவில் புனித அந்தோனியார் திருவிழாத் திருப்பலி காலை ஏழு மணிக்கு ஆரம்பமானது. போரில் இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்து குடியேறிய பிறகு நடந்த மூன்றாவது திருவிழா அது. கோவிலுக்குக் கூரை போட்டாயிற்று. உள்நிலத்துக்குச் சீமெந்து பூசி முடியவில்லை.

அன்று விடிகிற நேரம், தகரக் கொட்டிலுக்குப் பின்னால் கிணற்றுக்கட்டில் காலை நீட்டிக்கொண்டு ஜோன்சன் தன் வலது முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினான்கு வருடத்துக்குப் பிறகு இங்கிலாந்திலிருந்து வந்தவன். வந்து ஒரு கிழமையும் ஆகவில்லை. பஸ்ஸால் இறங்கிய அன்றே, பையை வாங்கி வைக்க முதல், தாய் மெற்றில்டா சொன்ன விஷயம் அந்தோனியாரைப் பற்றியது. 2009 சித்திரையில், இளைய மகன் ஜெகதீபன் வன்னிக்குள் அகப்பட்டு உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத நாட்களில், அவள் ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். இளையவன் உயிரோடு வந்தால் மூத்தவன் இங்கிலாந்திலிருந்து வந்து, கொடிமரத்தடியிலிருந்து பீடம் வரை முழங்காலில் போவான்.

இளையவன் வந்தான். இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் வந்தான். ஆனாலும் வந்தான்.

"ஓம் அம்மா, போறன்" என்று ஜோன்சன் அன்றைக்குச் சொன்னான். பிறகும் கேட்ட போதெல்லாம் அதையேதான் சொன்னான்.

செயற்கைக் காலின் டக்கு டக்கென்ற சத்தம் கேட்டதும் துவாயை எடுத்து முழங்காலில் போட்டான்.

"மூடாத" என்றான் ஜெகதீபன். "பஸ்ஸால இறங்கேக்கயே பாத்தனான். இடது கால ஊண்டி, வலதை ஒரு பிள்ளையத் தூக்கிற மாதிரி இறக்கினனீ. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில எல்லாரும் முழந்தாளிட, நீ மட்டும் வாங்கில குந்தியிருந்தனீ. நான் காலுகளப் பாக்கிறதில பட்டம் முடிச்சவன்."

"சும்மா ஒரு நோவு."

ஜெகதீபன் துவாயை இழுத்தான். முழங்கால் சில்லின் நடுவாக மேலிருந்து கீழே ஒரு தழும்பு ஓடியது. பக்கவாட்டில் வேறு சில சின்னத் தழும்புகள்.

"எத்தின தரம் வெட்டினவங்கள்?"

"ரெண்டு தரம். கடைசியா மாசியில."

"ஏன் சொல்லேல்ல?"

"உனக்கு என்னெண்டடா சொல்லுறது?"

ஜெகதீபன் குனிந்து தன் பிளாஸ்ரிக் காலைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "அதுவும் ஞாயந்தான். கால் நோகுது எண்டு சொல்ல ஊரில வேற ஆள் இல்லையோ எண்டு கேட்டிருப்பன்."

ஜோன்சனும் சிரித்தான். வந்த பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

ஊரில் ஜோன்சனைப் பற்றி உலாவிய கதை ஒன்று, உண்மை இன்னொன்று. சனிக்கிழமை இரவுகளில் சிலாவத்துறைத் தேத்தண்ணிக் கடைத் தொலைக்காட்சியில் இங்கிலாந்து உதைபந்தாட்டம் போகும். தகப்பன் வின்சன்ட் முன்வரிசையில் இருந்து மகனைத் தேடுவார். "நான் வேற பிரிவு அப்பா, நாலாம் பிரிவு" என்று தொலைபேசியில் ஒருமுறை சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் பிள்ளைகள் கூடிவிட்டால் நாலு பிரிவாகப் பிரித்து வைப்பார்களே, அப்படித்தான் அவர் விளங்கிக்கொண்டார். எல்லாரும் ஒரே வகுப்பு, அறை மட்டும்தான் வேறு. ஊருக்கும் அப்படியே சொல்லிவிட்டார். ஜோன்சன் திருத்தவில்லை.

உண்மை இதுதான். பதினைந்து வயதில் மாமாவோடு லண்டன் போனவன், ஞாயிற்றுக்கிழமைப் பூங்கா ஆட்டங்களில் யாரோ ஒருவர் கண்ணில் பட்டு, பத்தொன்பது வயதில் வடக்கே மழைபெய்கிற ஒரு நூலாலைப் பட்டினத்தின் கழகத்தில் சேர்ந்தான். ஸ்டொப்பர். கோலுக்கு முன்னால் நின்று வருகிறவனை மறிக்கிற வேலை. பத்து வருடத்தில் நாலு கழகங்கள். செவ்வாய்க்கிழமை இரவில் ஐந்து மணித்தியாலம் பஸ்ஸில் போய், இரண்டாயிரம் பேருக்கு முன்னால் சேற்றில் ஆடி, விடியப்புறம் வந்து படுக்கிற வாழ்க்கை. உள்ளூர்ப் பத்திரிகை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீரர்களுக்குப் புள்ளி போடும். ஜோன்சனுக்கு எப்போதும் பத்துக்கு ஆறு. ஸ்டொப்பருக்கு ஆறு நல்ல புள்ளி. அவன் பெயரை யாரும் எடுக்காமல் ஆட்டம் முடிந்தால் அது அவனுக்கு நல்ல நாள்.

கிண்ணப் போட்டி ஒன்றில் ஒரேயொரு தடவை முதற்பிரிவுக் கழகத்துக்கு எதிராக ஆடினான். மூன்றுக்குப் பூச்சியம், தோல்வி. வின்சன்டின் கைத்தொலைபேசியில் இருப்பது அந்த ஆட்டத்தில் அவன் பந்தைத் தலையால் வெளியே அடிக்கிற எட்டு விநாடி வீடியோதான்.

பிறகு முழங்கால். போன மாதம் மனேஜரின் கந்தோரில் கதிரை சூடேற முதலே கதை முடிந்தது. இனி உனக்கு இங்கே இடம் இல்லை. கடற்கரைப் பட்டினம் ஒன்றின் ஐந்தாம் பிரிவுக் கழகம் ஒரு வருட ஒப்பந்தத்துக்குச் சம்மதித்திருந்தது. ஒரு நிபந்தனை. யூன் 26ஆம் திகதி அவர்களுடைய டொக்டர் முழங்காலைப் பார்த்துச் சரியென்று சொல்லவேண்டும்.

"ஓடலாம், பாயலாம். வெட்டின டொக்டர் அதெல்லாம் செய்ய விட்டவர்" என்றான் ஜோன்சன். "ஒண்டு மட்டும் செய்யாத எண்டவர். கட்டாந்தரையில சில்ல ஊண்டாத எண்டு. ஒட்டுப்போட்ட இடம் நேரா அதுக்குக் கீழதான் இருக்கு. பிஞ்சா வீங்கும். வீக்கத்தோட போனா அந்த டொக்டர் தொட்டும் பாக்கமாட்டார்."

"பிறகு?"

"பிறகு என்ன? எனக்கு வேற தொழில் தெரியாது. இருபத்தொன்பது வயசில ஆர் எடுப்பான்?"

ஜெகதீபன் தன் இரண்டு முழங்காலிலும் தட்டினான்.

"அப்ப நான் போறன். எனக்கு முழங்கால் ரெண்டும் இருக்கு. கீழதான் ஒண்டு இல்ல. முழங்காலில போறதுக்குப் பாதம் என்னத்துக்கு?"

"அம்மா விடமாட்டா."

"கேப்பம். வா."

குசினிக்குள் மெற்றில்டா பயற்றம் பணியாரம் பொரித்துக்கொண்டிருந்தாள். சீனி வருத்தக்காரி. வலது பாதத்தில் ஆறாத புண், துணி சுற்றியிருந்தது. ஜெகதீபன்தான் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திரும்பாமலே கேட்டாள். தாச்சியில் கிடந்தவை கறுக்கத் தொடங்கியதை ஜோன்சன் பார்த்தான். அவள் அரித்து எடுக்கவில்லை.

"ஏன்ரா வந்த அண்டே சொல்லேல்ல?" என்றாள் கடைசியில்.

"நீங்கள் சந்தோசமா இருந்தீங்கள்."

"அண்ணைக்குப் பதிலா நான் போறன் அம்மா" என்றான் ஜெகதீபன்.

"உனக்காண்டி வைச்சத நீ தீர்க்கிறதோ? உயிரத் தந்தவரிட்டப் போய், இந்தா அந்த உயிராலயே தாறன் எண்டு சொல்லுறதோ?"

"அப்ப வேற ஏதும் மாத்தி வையுங்கோ. மெழுகுதிரி, மாலை, அன்னதானம்..."

"பூமணியக்கா மாத்தினவ." மெற்றில்டா இப்போதுதான் திரும்பினாள். "அவட மகனும் வன்னியில இருந்து உன்னோடதான் வந்தவன். முழங்காலுக்குப் பதிலா மெழுகுதிரி கொளுத்தினவ. மூண்டு மாசத்தில பொடியனக் கிணத்துக்குள்ள இருந்து எடுத்தது."

"அவன் குடிச்சிட்டு விழுந்தவன் அம்மா."

"ஏன் குடிச்சவன்?"



வெளியே வின்சன்ட் வெள்ளைச் சேர்ட்டோடு, யாரோ ஒருவருக்கு உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "மூத்தவர் இண்டைக்கு நேர்த்தி தீர்க்கிறார். ஓமோம், அங்க லீவு எடுத்துக்கொண்டு வந்தவர்."

"அந்த மனிசனிட்ட இதச் சொல்லாதைங்கோ" என்றாள் மெற்றில்டா. பணியாரங்களை எடுத்தாள். கரிந்தவற்றைப் புறம்பாக வைத்தாள். "சுவாமியிட்டக் கேப்பம்."

பங்குத்தந்தை இளைஞர். மன்னார்த் தீவுக்காரர், ஊர் விளையாட்டுக் கழகத்துக்குத் தலைவரும் அவர்தான். பூசைக்கு உடுத்திக்கொண்டே கேட்டார். முழங்கால் என்றதும் நிமிர்ந்து ஜோன்சனைப் பார்த்தார்.

"சில்லுக்குக் கீழயோ?"

"ஓம் பாதர்."

"அப்ப கதைக்கவே தேவையில்ல." மெற்றில்டாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, ஒராள் இன்னொராள் பேரில வைக்கிற நேர்த்தி மற்ற ஆளக் கட்டாது. திருச்சபைச் சட்டம் அது. மகனுக்கு இதில ஒரு கடமையும் இல்ல. வைச்ச ஆளைத்தான் கட்டும்."

"வைச்ச ஆளைத்தான் கட்டுமோ சுவாமி?"

"ஓம். உங்களுக்கும் நான் மாத்தித் தாறன். ஒன்பது நாள் செபமாலை சொல்லுங்கோ, போதும்."

"சரி சுவாமி" என்றாள்.

ஜோன்சனுக்கு, தொண்ணூறாவது நிமிடத்துக்குப் பிறகு விசில் கேட்டால் வருமே, அப்படி ஒரு ஆறுதல் வந்தது. பூசை முழுவதும் வாங்கில் இருந்தான். ஆலேலூயாவுக்கு எல்லாரோடும் சேர்ந்து பாடவும் செய்தான். தம்பி முழங்கையால் இடித்து, "பாத்தியே, நான் சொன்னனெல்லோ" என்றான்.

பூசை முடிந்து, அந்தோனியார் சுருவம் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு ஊர்வலமாகப் புறப்பட முதல், நேர்த்திக்காரர்கள் கொடிமரத்தடியில் கூடினார்கள். ஒருவர் பிள்ளையின் நிறைக்கு வாழைப்பழம் கொண்டுவந்தார். இன்னொருவர் மொட்டை போட்டிருந்தார். ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மெற்றில்டா குடையை வின்சன்டின் கையில் கொடுத்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிறவல் நிலத்தில் முழங்காலில் இறங்கினாள்.

"அம்மா, என்ன செய்யிறீங்கள்?" ஜோன்சன் ஓடிப்போனான்.

"சுவாமி சொன்னவர்தானே, வைச்ச ஆளைத்தான் கட்டுமெண்டு."

"செபமாலை எண்டும் சொன்னவர்!"

அவள் நகரத் தொடங்கிவிட்டாள். கொடிமரத்திலிருந்து கோவில் வாசல் வரை, கோல் கம்பத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் உள்ள தூரம் இருக்கும். அதற்குப் பிறகு படி, பிறகு பூசாத சீமெந்து நிலம், பிறகு பீடம். அறுபது வயது மனுசி, ஒரு கையை நிலத்தில் ஊன்றி ஊன்றிப் போனாள். துணி சுற்றிய பாதம் பின்னால் இழுபட்டது.

வின்சன்ட் குடையோடு முழித்தார். "டேய், என்னடா இது? நீயெல்லோ போகோணும்? கொம்மா ஏன் போறா?"

"அப்பா, நீங்கள் சும்மா இருங்கோ" என்றான் ஜெகதீபன்.

"என்னெண்டு சும்மா இருக்கிறது? ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டன்!"

பின்னாலிருந்து ஒரு பெண்குரல், கேட்கவேண்டும் என்றே சொன்னது. "பெத்தவ ஊருறா. இங்கிலாந்துக்காரர் களுசானில மண் படாம நிக்கிறார்."

ஜோன்சனின் கையைத் தம்பி இறுக்கிப் பிடித்தான். "போகாத. கொஞ்சத் தூரத்தில நிப்பாட்டுவா."

"நிப்பாட்டமாட்டா. உனக்குத் தெரியாதே."

பாதத்துத் துணியில் சிவப்பு ஊறத் தொடங்கியது. ஒரு கல்லில் கை வழுக்கி அவள் முகம் நிலத்தில் படப்போனது. சனம் "அந்தோனியாரே" என்றது. ஜோன்சன் கையை உதறிக்கொண்டு போய் அவளுக்கு முன்னால் குந்தினான்.

"எழும்புங்கோ அம்மா. நான் போறன்."

"வேண்டாம் ராசா. உன்ர கால்."

"எழும்புங்கோ எண்டுறன்!"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வின்சன்டின் பக்கம் கையை நீட்டினாள். அவர் தூக்கிவிட்டார். ஜோன்சன் அந்த இடத்திலேயே இடது முழங்காலை ஊன்றினான்.

"கொடிமரத்தில இருந்து, மகன்" என்றாள் மெற்றில்டா.

மெதுவாகத்தான் சொன்னாள். ஜோன்சன் ஊன்றிய முழங்காலை எடுத்தான். எழும்பி, வந்த வழியே திரும்பி நடந்து, கொடிமரத்தைத் தொட்டு, முழங்காலில் இறங்கினான்.

முதலில் பாரத்தையெல்லாம் இடது பக்கம் போட்டுப் பார்த்தான். அப்படிப் போக முடியவில்லை. ஒன்றைத் தூக்க மற்றது சுமந்தாக வேண்டும். களுசானின் துணியைத் தாண்டிக் கிறவல் குத்தியது. அந்த நோவு வெளிநோவு, அது பரவாயில்லை. உள்ளே சில்லுக்குக் கீழே வேறொன்று சூடாகி வந்தது. அவனுக்கு அதை நன்றாகத் தெரியும். ஒலிபெருக்கிக்காரர் அவனைக் கண்டுவிட்டார். "இங்கிலாந்து புகழ் உதைபந்தாட்ட வீரர், எமது மண்ணின் மைந்தர்..." சனம் வழிவிட்டது. சிலர் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்கள்.

கோவில் படியில் வலது காலை முதலில் ஏற்றவேண்டி வந்தது. ஏற்றி உந்தியபோது உள்ளே ஏதோ தையல் விட்டது போலிருந்தது. சத்தம் வந்ததா என்று பிறகு ஜெகதீபன் கேட்டான். வந்தது, தனக்கு மட்டும் கேட்டது என்று ஜோன்சன் சொன்னான்.

பங்குத்தந்தை பீடத்திலிருந்து விரைந்து இறங்கி வந்தார். "ஜோன்சன், காணும். இதில நிப்பாட்டும். நான் சொல்லுறன்."

"இன்னும் கொஞ்சம்தான் பாதர்."

பூசாத சீமெந்து கிறவலை விட மோசமாக இருந்தது. பீடத்தின் விளிம்பைப் பிடித்தபோது அவனால் தானாக எழும்ப முடியவில்லை. ஜெகதீபனும் சுவாமியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். வாசலில் வின்சன்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். எல்லாருக்கும் கை கொடுத்தார்.

மத்தியானம் முழங்கால் இளநீர் அளவுக்கு வந்துவிட்டது. ஜெகதீபன் மீன் வாடியிலிருந்து ஒரு பை ஐஸ் கொண்டுவந்து வைத்தான். ஐஸில் சூடைமீன் மணம் அடித்தது.

மெற்றில்டா சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய பாதத்தில் புதுத் துணி. முழங்காலைப் பார்த்தாள்.

"எண்ணெய் காய்ச்சிப் போடட்டே?"

"வேண்டாம் அம்மா. இறங்கும்."

"இறங்கும்" என்று அவளும் சொன்னாள். போய்விட்டாள்.

ஜெகதீபன் அவள் குசினிக்குள் போகும் வரை பார்த்திருந்தான். "அவவுக்குத் தெரியும், தான் முழங்காலில போனா நீ வந்து இறங்குவாயெண்டு."

"விசர்க்கதை கதைக்காத."

"கொடிமரத்தில இருந்து எண்டு சொன்னாவெல்லோ."

ஜோன்சன் ஐஸ் பையை மறுபக்கம் திருப்பி வைத்தான்.

"ஒரு நாளைக்கு நான் அவவிட்டக் கேக்கத்தான் போறன்" என்றான் ஜெகதீபன். "இதுவும் என்ர கணக்கிலதானே விழுகுது. ஒரு கால் என்ர, ஒரு கால் உன்ர."

படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. பக்கத்து ஊர் முஸ்லிம் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர் அப்துல் றசாக். வின்சன்டோடு, இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்துப் பழக்கம். உள்ளே கிடந்த ஜோன்சனுக்கு அவர்கள் கதைப்பது கேட்டது.

"மகன் நேர்த்தி தீர்த்தாராம், கேள்விப்பட்டன். மாஷா அல்லாஹ். ஞாயிற்றுக்கிழமை மட்சில உங்கட அணிக்கு இறங்குவார்தானே வின்சன்ட்? எங்கட பொடியன்கள் அவர மறிச்சுப் பாக்கோணும் எண்டு நிக்கிறானுகள்."

"அவர்தான் மறிக்கிறவர், நானா! உங்கட பொடியன்கள் எங்க அவர மறிக்கிறது?"

"சரி சரி. அப்ப போஸ்டர் ஒட்டட்டே?"

"ஒட்டுங்கோ. பெரிசா ஒட்டுங்கோ."

ஜெகதீபன் அண்ணனைப் பார்த்தான். மோட்டார் சைக்கிள் திரும்பிப் போனது.

பின்னேரம், இங்கிலாந்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும் என்று நினைத்த நேரத்தில், அவன் அந்தக் கடற்கரைப் பட்டினக் கழகத்துக்குத் தொலைபேசி எடுத்தான். உதவிப் பயிற்சியாளர் பேசினார். முழங்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, டொக்டரைச் சந்திப்பதை இரண்டு கிழமை தள்ளிப்போட முடியுமா என்று ஜோன்சன் கேட்டான்.

"எப்பிடி வீங்கினது?"

விழுந்துவிட்டேன் என்றான்.

மனேஜரோடு கதைத்துவிட்டுத் திரும்ப எடுப்பதாக அவர் சொன்னார். பொழுது படுகிற நேரம் ஊர்வலம் திரும்பி வந்தது, சுருவத்தைக் கோவிலுக்குள் வைத்தார்கள். சனம் கலைந்து வீட்டுக்கு வரத் தொடங்கியபோது தொலைபேசி அடித்தது.

பயிற்சி யூலை இரண்டாம் திகதி ஆரம்பமாகிறது, அதற்கு முதல் ஆள் தேவை என்று உதவிப் பயிற்சியாளர் சொன்னார். இருபத்தொரு வயதுப் பையன் ஒருவனை மனேஜர் பேசி முடித்துவிட்டார். 26ஆம் திகதி ஜோன்சன் வரத் தேவையில்லை.